பெயர் சொல்லாத மாத்திரை

என் செல்வி அக்காவுக்கு,

நீ போன பிறகு எனக்கும் உன் நோயே வந்துவிட்டது, அக்கா. காலையில் விரல்களை மடக்க முடியவில்லை. முடக்குவாதம் என்று சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டரம்மா. வாங்கி வந்தேன். விழுங்க மனம் வரவில்லை.

எப்படி வரும்? பேரையூர்ப் பக்கத்து வைத்தியர் பொட்டலம் கட்டிக் கொடுத்த மாத்திரையை விழுங்கி, சில நாளிலேயே நீ எழுந்து தோசை வார்த்தாய். பிறகு கன்னம் இரண்டும் உப்பின. சர்க்கரை ஏறியது. சதை போட்டுவிட்டாய் என்று சொந்தக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு மட்டும் உறுத்தியது. என்ன மருந்து என்று அந்த ஆளிடமே கேட்டேன். "மூலிகைதாம்மா, பேரு எதுக்கு?" என்றார்.

பயந்துபோய் நீயாகவே ஒருநாள் நிறுத்தினாய். வாந்தி, எழுந்து நிற்க முடியாத அசதி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் நீ பிழைக்கவில்லை.

அந்தப் பொட்டலத்தில் இருந்ததும் ஸ்டீராய்டுதானா, அக்காவைக் கொன்றதும் இதுதானா என்று டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த மாத்திரையைச் சோதிக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் தனக்கும் சந்தேகம்தான் என்றார். "ரொம்ப நாள் ஸ்டீராய்டு எடுத்தா, உடம்பு தானா அதைச் சுரக்கிறதைக் குறைச்சிரும். திடீர்னு நிறுத்தினா தாங்காது. கொஞ்சங்கொஞ்சமாத்தான் குறைக்கணும்."

எனக்குக் குறைந்த அளவுதானாம். வேறு மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை மட்டும், காலையில் சாப்பிட்ட பிறகு. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் உடனே சொல்ல வேண்டும். இப்போது விழுங்குகிறேன். ஆனாலும் தினமும் கண்ணாடியில் கன்னத்தைத் தடவிப் பார்க்கிறேன். பார்த்தால் நீ சிரிப்பாயா?

போன மாதம் உன் வீட்டுக்காரர் என் வில்லாபுரம் வீட்டுக்கு வந்தார். முழங்கால் வலிக்காரர் மாடிப்படியில் விறுவிறுவென்று ஏறினார். முகம் உப்பியிருந்தது.

"மாமா, நீங்களும் அங்கதான் போறீகளா?"

கைப்பையைப் பின்னால் நகர்த்தினார். பையைக் காட்டச் சொன்னேன். அதே பொட்டலம். சாக்கடையில் வீசக் கையை ஓங்கினேன். "எறிஞ்சிரும்மா, இன்னையோட விட்டுர்றேன்" என்றார் வெட்கத்தோடு. அந்தப் பேச்சுதான் என் கையைப் பிடித்து நிறுத்தியது.

"விடக் கூடாது மாமா. அக்கா அப்படித்தான் விட்டுச்சு."

பொட்டலத்தோடு ஆட்டோவில் ஏற்றி டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். ரத்தம் சோதித்துவிட்டு, அளவு தெரிந்த மாத்திரையாக மாற்றிக் கொடுத்து, மெல்லக் குறைத்து வருகிறார். பொட்டலத்தை ஆய்வு செய்யச் சொல்லிப் புகாரும் கொடுத்திருக்கிறோம். என்ன முடிவு வருமோ? அந்த வைத்தியர் வாசலில் இன்னும் கூட்டமாம். யார் யாருக்கு எம்புட்டுக் கொடுக்கிறாரோ?

அளவு குறையக் குறைய மாமாவுக்கு வலி திரும்புகிறது, எரிந்து விழுகிறார். ஒளிந்து அங்கே போய்விடுவாரோ என்று எனக்குச் சந்தேகம்தான். சந்தேகப்பட்டுக்கொண்டேதான் இருப்பேன், அக்கா. உன் வீட்டுக்காரரை அவ்வளவு சீக்கிரம் உன்னிடம் அனுப்ப மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் கூடப்பிறந்தவள்,
பாண்டீஸ்வரி