வசந்தாக்கா சிரிக்கிற நாற்பது நொடி

ஜூன் 3, செவ்வாய்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: பதினேழு ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் முளைத்த என் மீசை இன்று காலை எட்டு மணிக்குக் காலமானது. திரைப்பட விழாவின் விண்ணப்பத்துக்கு இயக்குநரின் புகைப்படம் வேண்டுமாம். மீசையோடு எடுத்ததைப் பார்த்துவிட்டு, "உதட்டுக்கு மேல இன்னா, டீக்கறையா?" என்றாள் சுபா. வகுப்புத் தோழி. மடிக்கணினி அவளுடையது, ஆகவே படத்தொகுப்பாளரும் அவளே.

'பெற்ற விருதுகள்' என்ற கட்டத்தில், 'மூன்றாம் வகுப்பு, எலுமிச்சை–கரண்டி ஓட்டம், இரண்டாம் பரிசு' என்று போட்டு அனுப்பிவிட்டேன்.

படம் பதினொரு நிமிடம். கோட்டையில் பழுதுபார்க்கும் வேலைக்காக ராஜகிரி மலை உச்சிவரை மணல் சுமக்கிற வசந்தாக்காவைப் பற்றியது. எங்கள் தெருதான். ஆறு மாதம் கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஏறினேன். மணலைத் தூக்கிய அவருக்கு மூச்சு வாங்கவில்லை. எனக்கு வாங்கியது.

ஜூன் 19, வியாழன்

தேர்வாகிவிட்டது! சென்னை, ஜூலை 12. நைனா "ஹீரோ யாரு?" என்று கேட்டார். வசந்தாக்கா என்றேன். "அப்ப ஹீரோயின்னு சொல்லுடா."

ஜூன் 23, திங்கள்

பேனாவை அழுத்தி எழுதுகிறேன். கோபத்தில்தான்.

விழாவிலிருந்து ஒரு மேடம் போன் செய்தார். படம் பிரமாதமாம். ஒரே ஒரு நாற்பது நொடியை மட்டும் எடுத்துவிட வேண்டுமாம்.

எது தெரியுமா? உச்சியில் மணலைக் கொட்டிவிட்டு அக்கா டப்பாவைத் திறக்கிறார். குரங்கு ஒன்று பிடுங்கி, பாகற்காய்ப் பொரியலை ஒரு வாய் தின்று, முகத்தைச் சுளித்து, டப்பாவை வீசிவிட்டு ஓடுகிறது. "இன்னாடா, எங்க ஊட்டுக்காரரு மாதிரியே மூஞ்ச காட்டுற!" என்று அக்கா சிரிக்கிறார். மணல்மேலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர.

"அந்தச் சிரிப்பு ஆடியன்ஸோட வலியக் கலைச்சிடுது தம்பி. எடுத்துட்டா போட்டிப் பிரிவு. இல்லன்னா கஷ்டம்."

ஆடியன்ஸோட வலியா? மணல சுமந்தது யாரு, ஆடியன்ஸா? ஏசியில உக்காந்து நாலு பேரு மூக்கு சிந்தணும்னா அக்கா சிரிக்கக் கூடாதா? சிரிச்சா அவங்க கழுத்துவலி பொய்யாயிடுமா? நான் எடுத்தது அழுகாச்சிப் பொம்மையை இல்ல, வசந்தாக்காவ —

பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது. போகட்டும்.

ஜூன் 24, செவ்வாய்

பதில் மடல் எழுதினேன். நெருப்பு! 'மேடம், அந்தக் குரங்கு கோட்டையில் எனக்கு சீனியர். அதை நீக்கும் அதிகாரம் எனக்கில்லை. அக்காவின் சிரிப்பு இல்லாமல் என் படமும் இல்லை.'

சுபா கேட்டாள்: "இது ஆவணப்படமா, உன் ஆணவப்படமா? அனுப்பிட்டியா?"

"அனுப்பாம?"

வேலையிலிருந்து திரும்பிய வசந்தாக்காவை பஸ் ஸ்டாண்டில் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். "என் சிரிப்புக்கு சண்டையா? லூசாடா எழிலு நீ?" என்றார். முகம் மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

ஜூன் 28, சனி

போட்டிப் பிரிவில் படம் உறுதி என்று மடல் வந்திருக்கிறது. தெருவில் நின்று அறிவித்தேன்: "நம்ம லெட்டரப் பாத்து பயந்துட்டாங்க!"

ஜூலை 1, செவ்வாய்

இன்று ஒன்றும் நடக்கவில்லை.

ஜூலை 12, சனி

சென்னை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வசந்தாக்காவும் வந்தார், கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையில். நடுவில் அவர், இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் சுபா.

படம் முடிந்ததும் அரங்கில் மூக்குறிஞ்சும் சத்தம். மேடம் வந்து அக்காவின் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அக்கா அவர் தோளுக்கு மேலாக என்னைத்தான் பார்த்தார்.

"டேய், நான் சிரிச்சது எங்கடா?"

சுபாவுக்குப் புரிந்துவிட்டது.

சிறப்புச் சான்றிதழ் கொடுத்தார்கள். பஸ் திண்டிவனம் தாண்டியபோது அக்கா சொன்னார். "மேஸ்திரிலேர்ந்து சித்தாளுங்க வரைக்கும் சொல்லி வெச்சிருக்கேன்டா, எஞ்சிரிப்புக்காக ஒரு புள்ள சண்ட போட்டான்னு. நாளைக்கு இன்னான்னு சொல்றது?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜூலை 13, ஞாயிறு

இதை எழுத மூன்று பக்கம் கிழித்தாயிற்று.

அந்த நெருப்பு மடல் இன்னும் என் போனில்தான் கிடக்கிறது, அனுப்பாமல். கோபம் நிஜம். ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். ஆனால் அனுப்புவதற்கு முன் 'போட்டிப் பிரிவு' என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. 'சரி மேடம்' என்று அனுப்பினேன். ஜூலை 1 அன்று சுபா மண்டகப்பட்டில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது, அவள் விட்டுவிட்டுப் போன மடிக்கணினியில் நானேதான் வெட்டினேன்.

இன்னொன்று. இதை சுபாவிடம்கூடச் சொல்லவில்லை. மேடம் கேட்டது நாற்பது நொடி. நான் வெட்டியது ஐம்பத்திரண்டு. சிரித்து முடித்து முந்தானையில் கண்ணைத் துடைக்கும்போதும் அக்காவின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் மிச்சமிருந்தது. அதுவும் மேடம் கண்ணில் பட்டுவிடுமே என்று பயந்துவிட்டேன்.