நீ தூங்குகிறாய் என்று நினைத்த பகல்

பொம்மிக் கண்ணு,

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாரியம்மனைக் கும்பிடுகிறேன். இங்கே நான் சோறு தின்கிறேன், நடக்கிறேன், அதையே சுகம் என்று வைத்துக்கொள். தாகேதாவில் மழை விடவில்லை, வாசலில் கணுக்கால் தண்ணீர், கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முந்தாநாள் முடிந்தது, கொள்ளி வைத்த குழந்தைவேலு சித்தப்பாவே ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியினிலிருந்து வந்து எல்லாம் செய்தார். உன்னை வராதே என்று நான் சொன்னதில் அவருக்குக் கோபம்தான். பட்டாளத்து ஆட்சியில் இப்போது இருக்கிற நிலைமையில் நீ நாட்டுக்குள் வந்தால் திரும்பிப் போக விடுவார்களோ மாட்டார்களோ, அந்தப் பயத்தில்தான் சொன்னேன்.

எனக்கு எழுத்துக் கூட்டி எழுதத்தான் வரும், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். போனில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன். அப்பா போன அன்று லைன் கிடைக்கவில்லை என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். லைன் இருந்தது. பக்கத்து வீட்டு மஞ்சுளா போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நான்தான் கூப்பிட விடவில்லை.

அன்று காலையில் அப்பா கஞ்சியைத் தள்ளிவிட்டு, பொம்மியக் கூப்பிடு, அவகிட்ட ஒண்ணு சொல்லணும் என்றார். ராத்திரி முழுக்க அந்த முதியோர் இல்லத்தில் யார் யாரையோ தூக்கித் துடைத்துவிட்டு நீ பகலில்தானே படுப்பாய். போன வருஷம் ஒருநாள் நேரம் தெரியாமல் கூப்பிட்டதற்கு, தூக்கம் கெட்டா வேலையில தலை சுத்துதும்மா, எங்க மூணு மணிக்கு மேல கூப்பிடு என்று கத்தினாய். உங்கள் மூன்று மணி என்றால் நமக்குப் பன்னிரண்டு, அதிலிருந்து நான் ஒருநாள்கூடத் தவறியதில்லை. அதனால், பன்னெண்டு ஆகட்டும், புள்ள தூங்குறா என்றேன். தூங்குறாளா, இல்ல உன் புலம்பலுக்குப் பயந்து போனை மூடி வச்சிருக்காளா என்று கேலி பண்ணினார். என்கிட்ட சொல்லுங்க, நான் சொல்லிடறேன் என்றேன். உன்கிட்ட சொல்றதுன்னா அவள எதுக்குடி கூப்பிடச் சொல்றேன் என்றார். பதினொன்றரைக்கு மூச்சு இழுத்தது. பால் ஊற்றினேன், கடைவாயில் வழிந்துவிட்டது.

எட்டாம் நாள் மஞ்சுளா நீ போட்ட படங்களைக் காட்டினாள். லீவு போட்டுவிட்டு, உள்ளேயே கட்டிலும் அடுப்பும் இருக்கிற வண்டியில் நீங்கள் கிளம்பியது எனக்குத் தெரியாது. போகிற வழியில் ஏதோ ஒரு பாலைவனத்து ஊர், பேர்கூடத் தெரியாது, சும்மா இறங்கினோம், நாள் முழுக்கச் சுற்றினோம் என்று நீ எழுதியிருந்ததைப் படித்துச் சொன்னாள். சிவப்பு மண், தகரக் கூரை, ஆளே இல்லாத தெரு. ரயில் வராத ஸ்டேஷன் பெஞ்சில் நீ காலை நீட்டிக்கொண்டு ஐஸ்கிரீம் தின்கிறாய், செருப்பெல்லாம் புழுதி. எந்த நாள், எத்தனை மணிக்கு எடுத்தது என்று பார்க்கச் சொன்னேன். அப்பா போன அதே நாள், உங்கள் ஒன்றே கால். நமக்குப் பத்தே கால். அப்பா கேட்ட நேரம்.

முதலில் உன்மேல் ஆத்திரம் வந்தது, மறைக்கவில்லை. பெத்தவன் மூச்சுக்குத் தவிக்கிறான், இவளுக்கு ஐஸ் கேட்குதா என்று வாய்விட்டே சொன்னேன். மஞ்சுளா, அக்காவுக்கு என்னம்மா தெரியும், நீங்கதானே வேணாம்னீங்க என்றாள். அந்தப் பெண் சொன்னது சரிதான். நீ எடுத்திருப்பாய். ஒரே மணியில் எடுத்திருப்பாய்.

படங்களை அழித்துவிடாதே. கூட்டிக்கொண்டு போனதற்கு மாப்பிள்ளையைக் குறை சொல்லாதே. இத்தனை வருஷத்தில் நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வேலைக்குப் போகுமுன் வயிறாரச் சாப்பிடு. இனிமேல் அம்மா எந்த நேரமும் கூப்பிடுவேன், தூக்கம் கெட்டாலும் எடு.

நீங்கள் இரண்டு பேரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். எனக்கு வேறு யாரிடமும் கேட்க வழியில்லை, அதனால் உன்னிடம் கேட்கிறேன். நாற்பது வருஷம் கூடப் படுத்தவளிடம் சொல்ல முடியாமல், உன்னிடம் மட்டும் அப்பா என்ன கண்ணு சொல்ல நினைத்திருப்பார்?

உன் அம்மா,
வேலம்மா