பெயரைக் கேட்ட வில்லாளி

ஹாரின் அம்மாவுக்கு,

நேரில் சொல்ல வாய் வராது. அதனால் இதைக் கிம்ச்சி ஊறுகாய் டப்பாவின் மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன்.

கணினியில் ஒரே சண்டை விளையாட்டை நான் ஏழாவது முறை ஆடியபோது, "எங்கேருந்து அடி விழும்னு தெரிஞ்ச சண்டையில என்னங்க இருக்கு?" என்று கேட்டாய். உனக்கு ஊர் ஊராக அலைந்து புதையல் தேடும், முகம் தெரியாத பலர் சேர்ந்து ஆடும் இணைய ஆட்டம்தான் பிடிக்கும். அங்கே ஒரு மாதமாக உன்னோடு அலையும் வில்லாளியை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. என்னிடம் "சாப்பிட்டாச்சா" என்பதோடு சரி. அவனிடம் மணிக்கணக்கில் பேசுகிறாய்.

நேற்று அவன் உன் பெயரைக் கேட்டான்.

"மியோங்ஜூ. பாப்பா ஹாரின் பொறந்ததுலேருந்து யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. நீங்க ஒரு தடவ கூப்பிடுங்களேன்" என்று எழுதினாய். அவன் கூப்பிட்டான். நீ சிரித்தது பக்கத்து அறையில் எனக்குக் கேட்டது.

அந்த வில்லாளி நான்தான். உன்னை வேவு பார்க்கத்தான் நுழைந்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு அவனுக்குக் கிடைத்தது, எனக்கில்லை. இனி அவன் வரமாட்டான்.

இன்று மாலை கதவைத் திறந்ததும் அதே பெயரைச் சொல்லி நான் கூப்பிடுவேன். அவனுக்குச் சிரித்த மாதிரியே சிரிப்பாயா?

இன்னும் ஆறாத வயிற்றெரிச்சலோடு,
உன் வீட்டுக்காரன்