ஏழு நாள் விலக்கு

மாசி 9, 1956

விலக்கு மூன்று நாளில் முடிந்துவிட்டது. இன்னும் நிற்கவில்லை என்று பொய் சொல்லி ஏழு நாளாகத் தனிப்பாயில் படுக்கிறேன். பயந்துபோய் என் வீட்டுக்காரர்தான் இன்று என்னைப் பரமக்குடி டாக்டரம்மாவிடம் அனுப்பினார்.

அந்த அம்மாவிடம் பொய் வரவில்லை. வீட்டுக்காரர் நெருங்கினாலே உடம்பு இறுகிப்போகிறது, கத்தி பட்ட மாதிரி வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் யாரிடமும் சொல்லாதது.

"புருசனைப் பிடிக்கலையா?"

"பிடிக்கும்மா. அதனாலதான் அழுகை வருது."

"அப்ப இது நோவுதான், குணமாகும். களிம்பு தாரேன். வலி போற வரைக்கும் அவரு பொறுத்துக்கிடணும். அதை நீயே அவருகிட்டச் சொல்லு."

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டார். உடம்பில் ரத்தம் குறைவாம் என்றேன். எனக்கு வாய் எதற்கு இருக்கிறதோ. அந்த வெயிலில் கடைத்தெருவுக்குப் போய்ப் பேரீச்சம்பழம் வாங்கி வந்தார். விலக்கானவளைத் தொடக்கூடாதே, பொட்டலத்தைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

"தின்னு. தெம்பு வரும்."

எடுத்தேன். காகிதத்தில் அவர் கைச்சூடு இன்னும் இருந்தது. வெகுநேரம் பிரிக்கவே இல்லை.