நஸ்மியாவுக்கு ஒரு தனிக் கோப்பை

08.04.2003
இவரின் தங்கை நஸ்மியா வெளிநாட்டிலிருந்து வந்துவிட்டாள். விசா புதுப்பிக்க இரத்தம் சோதித்து, எச்.ஐ.வி. என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். குசினி அடுப்படியில் வைத்து, தன் நானாவான இவருக்கும் சொல்லாமல், எனக்கு மட்டும் சொன்னாள். "நானாவுக்கும் தெரியாது மதினி. உங்களை நம்பித்தான் சொல்லுறன்." கட்டிப்பிடித்து அழுதேன். பிறகு கிணற்றடிக்குப் போய் இரண்டு தரம் குளித்தேன்.

09.04
அவளுக்கு நீலக் கோப்பை. வேறு யாரும் எடுக்காதபடி அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன். "எனக்கு எட்டாதே மதினி" என்கிறாள். விருந்தாளியின் கோப்பை உயரத்தில்தான் இருக்க வேண்டும் என்றேன். பொய். யா அல்லாஹ், மன்னித்துவிடு.

12.04
பருப்பு சுற்றி வந்த பேப்பர் சரையில் எயிட்ஸ் பற்றிய பக்கம்! நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். சரை வாசித்தே இவ்வளவும் தெரிந்துகொண்டேன். கோப்பை, மலசலகூடம், நுளம்பு - மூன்றுக்கும் படம் போட்டிருந்தது. கீழ்ப்பாதி கிழிந்துபோயிற்று. மேற்பாதியே எனக்குப் போதும். கோப்பையை அவிக்கலாம். நுளம்பை? அவளைக் கடித்துவிட்டு இந்த அறைக்கு வராதே என்று அதற்கு யார் சொல்வது?

13.04
தாங்க முடியவில்லை. பக்கத்து வீட்டு ஸஹீலாவிடம் மட்டும் சொன்னேன். சத்தியம் வாங்கிக்கொண்டுதான்.

19.04
இந்தக் கிழமை சவர்க்காரம் நான்கு கட்டி. வழக்கமாக ஒன்று.

24.04
இவர் நீலக் கோப்பையில் தேத்தண்ணி குடித்துவிட்டார்! உப்புத்தண்ணீரில் ஏழு தரம் கொப்பளிக்க வைத்தேன். "தேத்தண்ணியில என்னத்தைப் போட்டனி?" என்று என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்.

02.05
குடும்பநல மாது விமலேஸ்வரி வந்தா. யாருக்கென்று சொல்லாமல் சரையைக் காட்டி விசாரித்தேன். தன் பையிலிருந்து அதே படங்கள் உள்ள முழுத்தாளை எடுத்து விரித்தா. கீழ்ப்பாதியில் கொட்டை எழுத்தில்: இவற்றால் பரவாது.
"கட்டிப்பிடிச்சா?"
"ஒண்டும் வராது அக்கா. இனிமேல் பேப்பரை முழுசா வாசியுங்கோ."
கோப்பையைக் கீழ்த்தட்டுக்கு இறக்கினேன். அல்ஹம்துலில்லாஹ், என்ன நிம்மதி! பிறகுதான் ஸஹீலாவின் ஞாபகம் வந்தது.

16.05
அடுத்த தெரு சபூறா வீட்டுக் கலியாணம். பெண்களை ஆறு ஆறு பேராக ஒவ்வொரு சஹன் சோற்றுத் தட்டைச் சுற்றியும் இருத்தினார்கள். நானும் நஸ்மியாவும் இருந்த சஹனுக்கு இருவர்தான் வந்தார்கள். அவர்களும் தலைவலி என்று எழும்பினார்கள். ஒரே நேரத்தில் இருவருக்கும் தலைவலி!

ஸஹீலாவைக் கூப்பிட்டேன். "வாங்க, இதால ஒண்டும் பரவாது. மிட்வைஃப்பே சொன்னா."
"நீங்கதானே ராத்தா நுளம்பாலயும் பரவும் எண்டு சொன்னீங்க. அந்த வீட்டிலதானே நீங்களும் இருக்கிறீங்க" என்று தள்ளிப் போய் இருந்தாள்.

நஸ்மியா தலை நிமிராமலே கேட்டாள்.
"ஆருக்குச் சொன்னியள் மதினி?"
"ஸஹீலாவுக்கு மட்டும்..."
சோற்றைப் பிசைந்தாள். பிறகு எலும்பில்லாத இறைச்சியாகப் பார்த்துப் பிரித்து என் பக்கம் தள்ளினாள்.
"அப்ப இனி மறைக்க ஒண்டுமில்லை. சாப்பிடுங்கோ."

அவள் விரல் பட்ட துண்டைத்தான் முதலில் எடுத்தேன். ஆறு பேரின் சோறு. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடியும்வரை நாங்கள் எழும்பவில்லை.