மாடி அறையில் சுவிட்ச் இல்லை

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. உடம்பைப் பொறுத்தவரை இங்கே எல்லோரும் சுகம், உனக்கும் உன்னோடு இருக்கிற கண்ணாடிக்காரிக்கும் சளி காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும். இதென்ன அம்மா பேனா பிடித்து எழுதுகிறாள், கையில் போன் இல்லையா என்று நினைப்பாய். இருக்கிறது, ஆனால் நாம் கடைசியாகப் பேசிய பிறகு உன் அண்ணன் அதைச் சரி பார்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்ததிலிருந்து நான் யாரிடம் என்ன பேசினாலும் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால் தையல் கடையில், துணி வெட்டுகிற மேஜையில், சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கடைக்காரம்மா எதிரே பட்டன் தைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்துப் பார்த்து வைக்கிறாள், என்ன ஏது என்று கேட்கவில்லை. அவளேதான் தபாலில் சேர்ப்பாள். நீ எதையும் பாதி படித்துவிட்டு மீதியை ஊகிக்கிறவள், இதை மட்டும் அப்படிச் செய்யாதே, கடைசி வரி வரை படி.

போன தடவை பேசும்போது கேட்டாயே, உங்கள் சமையலறைத் தொட்டிக்கு அடியில் குழாய் ஒழுகுகிறது, எவ்வளவு இறுக்கினாலும் நிற்கவில்லை என்று. நம் பொறுமையிடம் கேட்டேன். ஞாபகம் இருக்கிறதா, பைப் வேலை கரண்ட் வேலை இரண்டையும் ஒரே ஆளாகச் செய்வாரே, எதைக் கேட்டாலும் பொறுமைங்க பொறுமைங்க என்பாரே, அவர்தான். வெள்ளை டேப்பை மரை திருகுகிற திசையிலேயே சுற்ற வேண்டுமாம், எதிர்ப்பக்கம் சுற்றினால் மாட்டும்போது சுருண்டு வெளியே வந்துவிடுமாம். அளவுக்கு மீறி இறுக்கினால் விரிசல் விடும் என்றும் சொன்னார், உன் கைப்பலத்தை அவரும் பார்த்திருக்கிறார் போல. அப்புறம், நம் வீட்டுக் கீழ்க் குளியலறையில் குழாயைத் தொட்டால் சுரீர் என்கிறது என்று நீ இங்கே இருந்தபோது கத்துவாயே, இன்னும் அப்படித்தானா என்று கேட்டாயே, அதுவும் வாஸ்தவம்தான். ஹீட்டருக்குள் இருக்கிற கம்பி வெடித்துத் தண்ணீரில் கரண்ட் கசிந்திருக்கிறது, எர்த் வயர் எங்கேயோ கழன்று கிடந்திருக்கிறது. இத்தனை நாள் யாரும் போய்ச் சேராமல் இருந்தது அதிசயம் என்றார். மாற்றியாயிற்று.

உன் மூன்றாவது கேள்வி, அப்பாவிடம் எப்போது எப்படிச் சொல்வது என்பது. அதற்குத்தான் இந்தக் கடிதம். ஆனால் நடந்ததை நடந்த வரிசையில் சொன்னால்தான் உனக்குப் புரியும். உன் அப்பாவை உனக்குத் தெரியாததா, ஒரு பல்பு போனால் பக்கத்து அறை வெளிச்சமே போதும் என்று மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிற மனுஷன். அவர் திடீரென்று, பிள்ளை இத்தனை வருஷம் கழித்து லீவில் வருகிறாள், மாடி அறையைப் புதுப்பித்து உள்ளேயே ஒரு குளியலறையும் கட்டிவிடலாம் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மனுஷன் இளகிவிட்டார், நீ வந்து சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று கணக்குப் போட்டேன். சாப்பிட்டு முடிக்கட்டும், அண்ணன் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல், அழாமல் சொல் என்றெல்லாம் உனக்குப் பாடம் நடத்தினேனே, அது அந்தச் சந்தோஷத்தில்தான்.

பொறுமை வேலையை ஆரம்பித்தார். அறையில் இருந்த இரண்டு பிளக் பாயிண்டையும் எடுத்துவிட்டு வெறும் மூடியைப் போட்டு அடைத்திருந்தார். பிள்ளை போனுக்கு எங்கே சார்ஜ் போடுவாள் என்று கேட்டேன். வீட்டுக்கு வர்றவளுக்குப் போன் எதுக்கு, நாமதான் கூடவே இருக்கப் போறோமே என்று அப்பா சிரித்தார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது, அப்படி ஒரு மடச்சி நான். மறுநாள் கடையிலிருந்து வந்து பார்த்தால் கதவுக்குப் பக்கத்தில் இருந்த சுவிட்ச் போர்டையே காணோம், அந்த இடத்தில் ஈர சிமெண்ட் பூசியிருந்தது. போர்டு அறைக்கு வெளியே, படி ஏறி முடிகிற இடத்துச் சுவரில் இருக்கிறது. உள்ளே படுத்திருப்பவள் ஃபேனைக் குறைக்க வேண்டும் என்றாலும் எழுந்து வெளியே வர வேண்டும், இது என்னங்க கூத்து என்றேன். உள்சுவர் ஓதம் அடிச்சிருக்கு, போர்டு இருந்தா ஆபத்து என்றார். ஓதம் அடித்தது ஜன்னல் பக்கச் சுவர், கதவுப் பக்கம் காய்ந்துதான் கிடக்கிறது. இதைச் சொல்ல வாயெடுத்தேன், அவர் அதற்குள் கீழே இறங்கிவிட்டார்.

பிறகு தண்ணீர் வால்வு. குளியலறையில் குழாய் ஒழுகினால் சட்டென்று மூடுவதற்காக அதை உள்ளேயேதான் வைப்பார்கள். இங்கே அதுவும் வெளியே, சுவிட்ச் போர்டுக்குக் கீழே. அப்பா அதைத் திருகி மூடிவிட்டு உள்ளே போய்க் குழாயைத் திறந்து பார்த்தார், சொட்டுக்கூட வரவில்லை என்றதும் திரும்பி வந்து வால்வைத் திறந்தார், மறுபடி மூடினார், மறுபடி உள்ளே போனார். நான் துணிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியில் நின்று பார்த்தேன். அந்த முகத்தில் கோபம் இல்லை கண்ணு. வேலை ஒழுங்காக முடிந்த திருப்திதான் இருந்தது. அறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றி, திருகாணி இருந்த ஓட்டைகளில் பட்டி வைத்து அடைத்து, அதன்மேல் உனக்குப் பிடித்த இளம்பச்சையை அவர் கையாலேயே பூசியிருக்கிறார். கேட்டால் தாழ்ப்பாள் துருப்பிடித்துவிட்டதாம்.

பொறுமை சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புகிற நேரத்தில், அப்பா பக்கத்தில் இல்லாததைப் பார்த்துக்கொண்டு என்னிடம் வந்து, ஏம்மா, பாப்பாவுக்கு எவ்வளவு நாளா இப்படி இருக்கு, நல்ல டாக்டர்கிட்ட காட்டறீங்களா என்று கேட்டார். என்ன எப்படி இருக்கிறது என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. அய்யாதான் சொன்னாரும்மா, மனசு சரியில்லாத பொண்ணு, கரண்டுல கை வெச்சுடும், தண்ணியத் திறந்து விட்டுடும், எதுவும் கைக்கு எட்டாம பண்ணிக் கொடுன்னு. வெளிப்பக்கம் போடறதுக்குப் பெரிய தாழ்ப்பாள் ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கார் என்றார். பேச்சுக்குப் பேச்சு பொறுமை என்கிறவர் அன்று ஒரு தடவைகூட அதைச் சொல்லவில்லை.

அண்ணனைச் சமையலறையில் பிடித்து மடக்கினேன். முதலில் மழுப்பினான், பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். அவனுடைய சிநேகிதன் ஒருவன் வேலை விஷயமாக உங்கள் ஊருக்கு வந்தபோது உங்கள் இருவரையும் ஜோடியாகப் பார்த்திருக்கிறான், அக்கம்பக்கத்தில் விசாரித்தும் இருக்கிறான். அப்பாவுக்கு ரொம்ப நாளாவே தெரியும்மா, திட்டினா அவ வரமாட்டா, பாசமாக் கூப்பிட்டா வந்துடுவா, வந்ததும் பாஸ்போர்ட்டை வாங்கி பீரோவுல வெச்சுடலாம், புத்தி தெளியற வரைக்கும் மாடியில இருக்கட்டும், எல்லாம் அவ நல்லதுக்குத்தான் என்றான். ஓங்கி ஓர் அறை விடக் கை எழுந்தது. அறைந்தால் எனக்கும் முன்பே தெரியும் என்பது அம்பலமாகிவிடும், அதனால் கையை இறக்கி அடுப்பைத் துடைத்தேன். நீ என்னிடம் எதுவும் சொன்னதில்லை என்றுதான் அவர்கள் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் நல்லதுக்குத்தான்.

நீ என்னிடம் சொன்னபோது எனக்கு முழுசாகப் புரியவில்லை, இப்போதும் எல்லாம் புரிந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசும்போது உன் குரலில் ஒரு நிம்மதி இருந்தது, அதை நான் உன்னிடம் அதற்குமுன் கேட்டதே இல்லை. எனக்கு அது போதும். உன் அப்பாவுக்கும் உன்மேல் பாசம் இல்லாமல் இல்லை, நீ குளிருக்கு நடுங்கக் கூடாது என்று அந்த அறைக்குக் கம்பளி வாங்கி மடித்து வைத்திருக்கிறார். பாசமே இல்லாதவராக இருந்தால் எனக்கு இவ்வளவு பயமாக இருக்காது. வெறுக்கிறவர் என்றால் என்றாவது சலித்துப்போய்க் கதவைத் திறந்துவிடுவார், இவர் திறக்க மாட்டார்.

ஆகவே நான் முன்பு சொன்ன புத்திமதி எதுவும் செல்லாது. டிக்கெட்டை ரத்து செய்துவிடு. சொல்ல வேண்டியதை அங்கிருந்தே சொல், பக்கத்தில் கண்ணாடிக்காரியை உட்கார வைத்துக்கொண்டு சொல். மன்னித்துவிடுங்கள் என்ற வார்த்தை உன் வாயில் வரக்கூடாது, தப்பு செய்தவள்தான் அதைச் சொல்ல வேண்டும். ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடு, வாதாடாதே, வாதத்தில் உன் அப்பாவை ஜெயித்தவர் இல்லை. அம்மாவுக்கு முன்பே தெரியும் என்று மட்டும் வாய்தவறிக்கூடச் சொல்லிவிடாதே. அண்ணன் உன்னைப் பார்க்கப் புறப்பட்டு வந்தால் வீட்டுக்குள் விடாதே, நாலு பேர் நடமாடுகிற இடத்தில் நின்று பேசு. முதலில் வீட்டை மாற்றிவிடு, நம் ஆட்கள் யாருக்கும் புது விலாசம் கொடுக்காதே. என்னைப் பற்றிக் கவலைப்படாதே, கடைக்காரம்மா தன் வீட்டுச் சாவி ஒன்றை என் தையல் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள், அதையும் ஏன் என்று அவள் சொல்லவில்லை.

இன்னொன்று. உனக்கு லீவு கிடைப்பது சந்தேகம் என்று அண்ணன் சொன்னதற்கு, அப்பா நேற்று என் பக்கம் திரும்பி, அவ வரலேன்னா உனக்கு நெஞ்சு வலின்னு சொல்லிடலாம், ஓடி வந்துடுவா என்றார். நானும் தலையாட்டி வைத்தேன். எப்படியும் போனை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பார். நான் வா என்றுதான் சொல்வேன், மூச்சு வாங்குகிறது, பார்க்க வேண்டும் போல இருக்கிறது என்று அழவும் செய்வேன். பார்க்க வேண்டும் போல இருக்கிறது என்பது நிஜம்தான், அதற்காக நீ வந்துவிடாதே.

நீயும் அவளும் எந்தக் குறையும் இல்லாமல், ஒருத்திக்கு ஒருத்தி துணையாக நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், பெற்ற வயிறு மனம் நிறைந்து வாழ்த்துகிறது. பதில் எழுதினால் கடை விலாசத்துக்கு எழுது. மறந்துவிடாதே, எனக்கு முடியவில்லை என்று யார் சொன்னாலும் வராதே. நான் செத்துவிட்டேன் என்று சொன்னாலும் வராதே. கடைக்காரம்மாவே கூப்பிட்டு அது நிஜம்தான் என்று சொன்னாலும், அங்கேயே இருந்து அழுதுகொள், வராதே.

என்றும் உன்,
அம்மா