மூன்று பதிவேடுகளில் ஏறிய ஒரே பிழை

அனுப்புநர்:
மு. ஜெரினா,
மென்பொருள் சோதனையாளர் (பணிநீக்கம் செய்யப்பட்டவர்),
தண்டையார்பேட்டை, சென்னை – 600 081.

பெறுநர்:
தொழிலாளர் உதவி ஆணையர் (சமரசம்) அவர்கள்,
சென்னை.

பொருள்: பிழை கண்டுபிடிக்கும் வேலையில் வைத்து, பிழை கண்டுபிடித்ததற்காகவே பணிநீக்கம் செய்தது – மீண்டும் பணி வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வெண்துறை சாஃப்ட்வேர் என்னும் நிறுவனத்தில் ஆறு ஆண்டுகள் சோதனையாளராக இருந்தேன். காட்டுப்பள்ளி பக்கம் துறைமுகத்துக்குள் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நுழைவு டோக்கன் கொடுக்கும் மென்பொருள் எங்களுடையது. மற்றவர்கள் எழுதியதை ஓட்டிப் பார்த்து, எங்கே தப்பு என்று எழுதிக் கொடுப்பதே என் வேலை. தப்புச் செய்வது என் வேலை அல்ல என்பதை முதலிலேயே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. சென்ற ஆண்டு நிறுவனத்தை மேம்படுத்தக் கிளம்பினார்கள். தரச்சான்றுக்காக எல்லாவற்றையும் ஆவணமாக்கும் முறை முதலில் வந்தது. மாதாமாதம் பிழைகளை எண்ணிக் குறைக்கும் முறை அடுத்து வந்தது. காலையில் எல்லோரும் நின்றுகொண்டே பேசி, சுவரில் சீட்டு ஒட்டும் முறை கடைசியாக வந்தது. ஒவ்வொன்றும் நல்ல முறைதான். எதிலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒரு நாள் உட்கார்ந்து யோசித்திருந்தால் எங்களுக்குப் பயன்பட்டிருக்கும். அந்த ஒரு நாள் யாருக்கும் கிடைக்கவில்லை. மூன்றையும் அப்படியே ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றிவிட்டார்கள்.

3. அதன்படி ஒரே பிழையை ஆவணத்தில், எண்ணிக்கைப் பட்டியலில், சுவர்ச் சீட்டில் என மூன்று முறை எழுத வேண்டும். மாதக் கடைசியில் செயல்முறை மேலாளர் திரு. எழிலன் மூன்றையும் கூட்டினார். இந்த ஆண்டு ஜூனில் நான் கண்ட பதினான்கு பிழைகள் நாற்பத்திரண்டு ஆயின. பட்டியலில் பிழையைச் செய்தவர் பெயருக்குக் கட்டமில்லை. எழுதியவர் பெயருக்கு மட்டும் இருந்தது. ஆகவே நாற்பத்திரண்டும் என் தலையில் விழுந்தன. அதே மாதம் 'பிழையே இல்லாத ஊழியர்' கேடயம் பெற்ற திரு. பாரி, மஞ்சள் காமாலையால் மாதம் முழுவதும் விடுப்பில் இருந்தவர். கேடயத்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கூச்சப்பட்டுக்கொண்டே வாங்கினாராம்.

4. ஜூலையில் ஒரு பெரிய பிழையைக் கண்டேன். டோக்கன் போடுபவர் ஒரே லாரி எண்ணை இரண்டு முறை தட்டிவிட்டால், வெளியே நிற்கும் லாரி உள்ளே போய்விட்டதாகப் பதிவாகிறது. இந்த மாதம் எண்ணிக்கை குறைந்தே ஆகவேண்டும், அடுத்த மாதம் எழுதுங்கள் என்றார் திரு. எழிலன். நான் அன்றே எழுதினேன், விதிப்படி மூன்று இடத்திலும். மூன்றாம் நாள் 'தொடர்ந்து அதிகப் பிழைகள்' என்று காரணம் காட்டி என்னை நீக்கினார்கள். பிழையைத் திருத்தாமலே மென்பொருளைத் துறைமுகத்துக்கு அனுப்பிவைத்தார்கள்.

5. அடுத்த வாரம் நீலமேகம் என்னும் லாரி டிரைவர் எண்ணூர் சாலையில் ஒன்றரை நாள் நின்றார். டோக்கனில் உதவி எண்ணாக இன்னமும் என் கைப்பேசி எண்ணே இருப்பதால் எனக்கு அழைத்தார். அவர் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்: "இன்னாம்மா, என் வண்டி உள்ள பூட்ச்சின்னு காட்டுது. அப்போ இங்க குந்திகினு கீறவன் யாரு?" அன்றே திரு. எழிலனும் அழைத்து, அந்தப் பிழை எப்படி வருகிறது என்று கேட்டார். வெயிலில் நிற்பவரை நினைத்துச் சொல்லிக் கொடுத்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தை மனுவில் எழுத முறையில்லை, ஐயா.

6. பணிநீக்க ஆணையில் உள்ள 'தொடர்ந்து அதிகப் பிழைகள்' என்ற காரணத்தைப் படித்துவிட்டு இரண்டு கம்பெனிகள் என்னை வாசலோடு திருப்பிவிட்டன. இந்தத் தொழிலில் இனி எனக்கு இடமில்லாமல் போய்விடும் என்று பயமாக இருக்கிறது. எனவே நிறுவனத்தை விசாரணைக்கு அழைத்து, ஆணையை ரத்து செய்து, என் வேலையைத் திரும்பப் பெற்றுத் தர வேண்டுகிறேன். விசாரணையில் பட்டியலிலுள்ள பிழைகளை ஒவ்வொன்றாக வாசித்து, அதைச் செய்தவர் பெயரையும் சொல்லச் சொல்லுங்கள். ஒன்றே ஒன்றுக்கு என் பெயர் வந்தாலும், இம்மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறேன்.

இணைப்பு: பணிநீக்க ஆணை, ஜூன் மாதப் பட்டியல் – நகல்கள்.

இடம்: தண்டையார்பேட்டை
நாள்: 18.08.2025

தங்கள் அழைப்புக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
மு. ஜெரினா